ஓடம் வண்டியில் ஏறியபோது

"ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்" என்பது நம் முன்னோர் வாக்கு. வாழ்வும் தாழ்வும் மாறி மாறி வரும் என்பதை விளக்க எழுந்த பழமொழி இது என்று தமிழ் வகுப்பில் படித்திருக்கிறோம். ஆனால் ஓடத்தை வண்டியில் எப்படி ஏற்றுவது, ஏற்றிய பின் எப்படிக் கட்டுவது என்று எந்த வகுப்பிலும் எவரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. ஆண்டில் பாதி நாள் கண்மாய்களில் தண்ணீரைக் காணாத விருதுநகர்ச் சீமையில் ஓடத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் நகைக்கலாம், தோழியரே. சென்ற மே மாதம் வரை நாங்களும் அப்படித்தான் நகைத்திருப்போம்.

எங்களுள் ஒருத்தியின் தாய்மாமா பெங்களூரில் இருக்கிறார். பழைய டெம்போ டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அமைத்து, முறைப்படி பதிவுச் சான்றிலும் மாற்றம் செய்துகொண்டு, அதையே நடமாடும் வீடாக வைத்திருக்கிறார். இத்தகைய வண்டியைக் கேம்பர் வேன் என்பர். ஜெர்மனியில் 1951ஆம் ஆண்டிலேயே வோல்க்ஸ்வாகன் வேனுக்குள் பொருத்தும் படுக்கைப் பெட்டியை வெஸ்ட்பாலியா என்ற நிறுவனம் செய்து விற்றது. அங்கெல்லாம் விடுமுறை வந்தால் குடும்பத்தோடு இப்படிக் கிளம்பிவிடுவார்கள். போகிற இடத்தில் ஊர் சுற்ற மிதிவண்டியும், ஆறோ ஏரியோ கண்டால் இறங்கித் துடுப்புப் போடச் சிறு படகும் வண்டியோடு வரும். மாமாவும் அவ்வாறே மூன்று மிதிவண்டிகளையும், இருவர் அமரும் கயாக்கு ஒன்றையும் கொண்டுவந்திருந்தார்.

கயாக்கு என்பது ஒடுங்கிய நீண்ட படகு. வடதுருவத்தை அடுத்த கிரீன்லாந்து முதலிய நாடுகளில் வாழும் இனுவிட்டு மக்கள், கடலில் மிதந்து வரும் மரத்துண்டுகளாலும் எலும்பாலும் கூடு கட்டி, அதன்மேல் சீல் என்னும் கடற்பிராணியின் தோலைத் தைத்துப் போர்த்துச் செய்தது இது. செய்பவன் தன் கை நீளத்தையும் உடல் அளவையும் கொண்டே படகின் அளவை வகுப்பானாம். ஓர் ஆள் தூக்கித் தோளில் வைத்து நடக்க வேண்டும் என்பதே அதன் இலக்கணம். நம் கடற்கரையின் கட்டுமரமும் அவ்வாறு சுமக்கப் பிறந்ததுதான். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே தூக்கிச் சென்று உலர்த்துவார்கள். இன்றைய கயாக்கு பிளாஸ்டிக்கில் வார்க்கப்படுகிறது. மாமாவினுடையது 4 மீட்டர் நீளம், 35 கிலோ எடை. இரண்டு பெண்கள் இரு முனையில் பிடித்தால் தூக்கிவிடலாம். நாங்களே தூக்கினோம்.

நாங்கள் போக நினைத்த இடம் காரங்காடு. இராமநாதபுரம் மாவட்டத்தில், பாக் விரிகுடாக் கரையில், அலையாத்திக் காடுகள் சூழ்ந்த மீனவர் ஊர். அங்குள்ள செங்கோல் மாதா ஆலயத்துக்குப் போக வேண்டும் என்று அத்தை நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் காட்டுக் கால்வாய்களில் படகோட்டிப் பார்க்க வேண்டும் என்பது மாமாவின் ஆசை. எங்கள் நால்வருக்கும் இரண்டும் சம்மதம்.

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகப் புறப்பட்டோம். கயாக்கு கூரைமேல், மிதிவண்டிகள் வண்டியின் பின்புறம் பொருத்திய இரும்புத் தாங்கியில். கயாக்கின் முன்பக்கம் கூரைக் கேரியரில் நைலான் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. பின்பக்கக் கயிற்றை எங்கே கட்டுவது? பின்னால் மிதிவண்டிகள் நின்றன. தாங்கிதான் கைக்கு எட்டியது. அதிலேயே சுற்றிக் கட்டியாயிற்று. வழியில் ஓரிடத்தில் நிறுத்தி, பின்கதவைத் திறந்து புளியோதரைப் பொட்டலத்தை எடுத்தோம். கதவைத் திறக்கத் தாங்கியைச் சற்றுத் தள்ள வேண்டியிருந்தது. கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினோம். கட்டியவர் யார் என்பதைப் பற்றி எங்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

அருப்புக்கோட்டையை நெருங்கும்போது ஒரு வேகத்தடையில் வண்டி குலுங்கியது. அடுத்த சில நிமிடங்களில் எதிரே ஒரு லாரி விரைந்து கடந்தது. கூரைமேல் 'கர்ர்' என்று ஓர் ஓசை. பின்னால் மொபெட்டில் கீரைக்கட்டு வைத்து வந்த ஒரு தாத்தா, தலைக்கு நேரே படகின் வால் திரும்பி வருவதைக் கண்டு, வண்டியைச் சாலையோரத்துக்கு ஒடித்து விழுந்தார். கயாக்கு முன்கயிற்றில் மட்டும் தொங்கியபடி வேனின் பக்கவாட்டில் மோதிக்கொண்டிருந்தது.

இறைவன் அருளால் தாத்தாவுக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டுமே. அத்தை தண்ணீர் ஊற்றிக் கழுவி மருந்து போட்டார். சிதறிய கீரையை நாங்கள் பொறுக்கிக் கட்டினோம். அவர் எங்களைப் பார்த்துச் சொன்னது இதுதான்: "ஏத்தத் தெரிஞ்சாப் போதுமா தாயி, கட்டத் தெரிய வேண்டாமா?" கீரைக்கு மாமா நீட்டிய பணத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கியிருந்தால் எங்களுக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திராது.

அவ்வழியே வந்த தீப்பெட்டிப் பண்டல் லாரி ஒன்று நின்றது. ஓட்டுநரும் கிளீனரும் இறங்கி வந்தனர். தீப்பெட்டிப் பாரம் எடை குறைவு, உயரம் மிகுதி. ஆகவே காற்றோடு மல்லுக்கட்டுவது அவர்களுக்கு அன்றாட வேலை. ஓட்டுநர் வேனைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, படகைச் சைக்கிளோட கட்டிருக்கீங்க. வண்டியோட கட்டவே இல்லையே" என்றார். நடந்தது அனைத்தையும் விளக்கும் வாக்கியம் அது.

பள்ளி திறந்ததும் இதை எங்கள் இயற்பியல் சிஸ்டரிடம் சொன்னோம். கோபித்துக்கொள்வார் என்று பயந்தோம். அவரோ ஒரு தாளைக் கொடுத்து, "வண்டியின் மேல் என்னென்ன விசைகள் இருந்தன, கணக்குப் போட்டு எழுதுங்கள்" என்றார். அந்தத் தாளில் கண்டதைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

கூரைமேல் பாரம் வைத்தால் வண்டி கவிழ்ந்துவிடும் என்பதே எங்களுக்கு முதலில் தோன்றிய அச்சம். கணக்கு வேறு சொன்னது. ஆட்களும் சாமான்களும் சேர்ந்து வேனின் எடை 2,500 கிலோ, அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 1 மீட்டர் உயரம் என்று கொள்வோம். கயாக்கும் கேரியரும் சேர்ந்து 50 கிலோ, 2.8 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. இதனால் மொத்த ஈர்ப்பு மையம் உயர்வது ஏறத்தாழ மூன்றரைச் சென்டிமீட்டர்தான்! வளைவில் சற்று நிதானமாகத் திரும்பினால் போதும். எடை அன்று எதிரி. வேறு மூன்று பேர் இருக்கிறார்கள்.

முதலாமவர் காற்று. வேகம் இரட்டித்தால் காற்றின் விசை நான்கு மடங்காகிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் சாதுவாக இருக்கும் படகு 80இல் நான்கு மடங்கு இழுக்கும். அதைவிடப் பொல்லாதது பக்கக்காற்று. கயாக்கை முன்னிருந்து பார்த்தால் ஒடுக்கம்; பக்கத்திலிருந்து பார்த்தால் 4 மீட்டர் நீளப் பலகை. அதன் பக்கப் பரப்பு 1.4 சதுர மீட்டர் என்றால், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகப் பக்கக்காற்று அதைச் சுமார் 10 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். எதிரே வரும் லாரி கடக்கையில் நேர்வது இதுவே. ஒரு கணம் தள்ளி, மறுகணம் உறிஞ்சும். நம் ஊரிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 44இல் தெற்கே நாகர்கோவிலுக்குப் போனவர்கள் முப்பந்தல் காற்றாலைகளைக் கண்டிருப்பீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பாய்வதால்தான் அங்கே அத்தனை காற்றாலைகள். ஆடி மாதம் அவ்விடத்தில் கூரைமேல் கயாக்கோடு போவது பாய் விரித்த தோணியைச் சாலையில் ஓட்டுவதற்குச் சமம்.

இரண்டாமவர் நிலைமம். பேருந்து சடாரென்று நின்றால் நாம் முன்னே சாய்கிறோம் அல்லவா? படகும் அப்படியே. ஓட்டுநர் பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது, 35 கிலோ கயாக்கு ஏறத்தாழ 25 கிலோ எடைக்குரிய விசையோடு முன்னே பாயப் பார்க்கும். குறுக்கே கட்டிய கயிறுகள் இதைத் தடுப்பதில்லை. வழுவழுப்பான பிளாஸ்டிக் அவற்றுக்கு அடியில் சறுக்கிக்கொண்டு போய்விடும். முன்மூக்கிலிருந்து ஒன்று, வாலிலிருந்து ஒன்று என இரண்டு கயிறுகள் தனியே வேண்டும் என்பது இதனால்தான்.

மூன்றாமவர் குலுக்கல். எங்களைக் காட்டிக்கொடுத்தவர் இவரே. பின்புறத் தாங்கி என்பது வண்டியிலிருந்து வெளியே நீண்ட கை. அதன் நுனியில் மிதிவண்டிகள். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வேன் ஒரு விதமாகவும், அந்தக் கை வேறு விதமாகவும் ஆடும். படகின் வால்கயிறு அந்தக் கையில் கட்டப்பட்டிருந்ததால், ஒவ்வொரு குலுக்கலிலும் அது இறுகியது, தளர்ந்தது, இறுகியது, தளர்ந்தது. நைலான் கயிறு வேறு இழுத்தால் நீளும் இயல்புடையது. முடிச்சு தளர்ந்ததை நாங்கள் அறியவில்லை. எதிரே வந்த லாரியின் காற்று அறிந்துகொண்டது.

ஆகவே இரண்டு பாரங்களைச் சேர்த்து ஏற்றும்போது ஒன்றை மற்றொன்றோடு கட்டலாகாது; இரண்டையும் வண்டியோடுதான் கட்ட வேண்டும். படகுக்குக் கூரையில் குறுக்குச் சட்டங்கள் இரண்டு, எவ்வளவு இடைவெளி விட முடியுமோ அவ்வளவு விட்டு. ஒவ்வொரு சட்டத்திலும் ஓர் அகலப் பட்டை. நைலானைவிடப் பாலியெஸ்டர் பட்டை குறைவாகவே நீளும். முன்கயிறும் வால்கயிறும் வண்டியின் உடம்பில் உள்ள கொக்கியில், மிதிவண்டித் தாங்கியைத் தொடாமல். வால்கயிற்றை நேரே பின்னால் இறக்க மிதிவண்டி இடம் தராது. கூரையின் பின்மூலைகள் இரண்டுக்கும் கவட்டையாக இரு பக்கம் பிரித்துக் கட்டினால், பின்கதவையும் தடையின்றித் திறக்கலாம். புளியோதரைக்காக முடிச்சை அவிழ்க்க வேண்டியதில்லை!

படகைக் கவிழ்த்து வைப்பதே நல்லது. வாய் மேல்நோக்கி இருந்தால் கோடை மழை ஒன்று போதும். 100 லிட்டர் நீர் தேங்கினால் 100 கிலோ. ஆனால் நம் ஊர் வெயிலில் பிளாஸ்டிக் இளகும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். வெறி பிடித்ததுபோல் இறுக்கிக் கட்டினால் சட்டம் பட்ட இடத்தில் பள்ளம் விழுந்துவிடும். பழைய சைக்கிள் டியூபைச் சட்டத்தில் சுற்றிவிட்டால் வழுக்கலும் குறையும், பள்ளமும் விழாது.

அந்தக் கிளீனர் அண்ணன் போட்ட முடிச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் நன்றி கொன்றவர்கள் ஆவோம். கயிற்றின் நடுவில் ஒரு கண் போட்டார். மிச்சக் கயிற்றைக் கீழேயுள்ள கொக்கியில் கொடுத்துத் திருப்பி, மேலே கொண்டுபோய் அந்தக் கண்ணுக்குள் விட்டுக் கீழ்நோக்கி இழுத்தார். கயிறு வீணைத் தந்திபோல் விறைத்தது. பிறகு கண்ணருகில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்துவிட்டார். கொக்கியும் கண்ணும் இரண்டு கப்பிகளாக வேலை செய்கின்றன என்பதை வகுப்பில் சிஸ்டர் படம் போட்டுக் காட்டினார். ஒரு மடங்கு இழுத்தால் கணக்குப்படி மூன்று மடங்கு இறுக வேண்டும். கயிறு கயிற்றோடு உராய்வதால் அதில் ஒரு பகுதி வீணாகும். கப்பிப் பாடத்தில் எல்லாரும் மதிப்பெண் வாங்கியிருந்தோம். ஆயினும் சாலையில் நின்று அந்த அண்ணன் இழுத்தபோது, அது கப்பி என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

இனி மிதிவண்டிகள். இங்கே எடை உண்மையாகவே வேலை காட்டுகிறது. மூன்று மிதிவண்டிகளும் தாங்கியும் 60 கிலோ. பின் அச்சிலிருந்து ஒன்றரை மீட்டர் வெளியே தொங்குகின்றன. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3 மீட்டர். வண்டியை ஒரு நெம்புகோலாகக் காண்போம். கிணற்றடி ஏற்றத்தை நினைத்தாலும் சரி. பின் அச்சு தாங்குபுள்ளி. வெளியே தொங்கும் 60 கிலோ, முன் அச்சின் மேலுள்ள பாரத்தில் 30 கிலோவைத் தூக்கிவிடுகிறது. பின் அச்சின் மேலோ 90 கிலோ ஏறுகிறது. 60 கிலோ ஏற்றினோம், பின்சக்கரம் 90 கிலோ சுமக்கிறது! திசை திருப்புவது முன்சக்கரங்கள்தாமே? அவை இலேசானால் வண்டி ஓட்டுநரின் சொல் கேட்பது குறையும். எங்கள் வேனிலோ தண்ணீர்க் கேன்களும் அரிசி மூட்டையும்கூடப் பின்கதவோரமே அடுக்கியிருந்தன. அவற்றை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நகர்த்தியதும், முன்பக்கம் தன் எடையை ஓரளவு திரும்பப் பெற்றது. மாமாவே, "ஸ்டியரிங் இப்போதுதான் கைக்கு வந்தது" என்றார்.

மிதிவண்டிகளில் கனமானதை வண்டியை ஒட்டி முதலில் வைக்க வேண்டும், இலேசானது வெளியே. ஒன்றன் கைப்பிடி ஒரு பக்கம் என்றால் அடுத்ததன் கைப்பிடி மறுபக்கம் வர வேண்டும். இல்லாவிடில் ஒன்றன் மிதி மற்றொன்றின் ஆரக்கம்பிகளுக்குள் நுழைந்துவிடும். அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டிகள் லாரியில் வந்து இறங்குவதைக் கண்டிருக்கிறீர்களா? கைப்பிடிகளைச் சட்டத்தோடு நேராகத் திருப்பி, தலைமாற்றி நெருக்கி நிறுத்தியிருப்பார்கள். இடத்தை மிச்சப்படுத்துவது எப்படி என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. சக்கரங்களையும் கட்டிவிட வேண்டும். காற்றில் தாமாகச் சுழன்றுகொண்டிருந்தால் முடிச்சுகள் தேயும். வேனின் புகைபோக்கி எங்கே முடிகிறது என்றும் குனிந்து பார்க்க வேண்டும். மிதிவண்டியின் சக்கரம் அதற்கு நேரே தொங்கினால் சூட்டில் டயர் பாழாகும். இதை நாங்கள் கேள்விப்பட்டு எழுதவில்லை, டயரைப் பார்த்தே எழுதுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கும் பெற்றோருக்காகச் சில சொற்கள். பின்விளக்குகளும் பதிவெண் பலகையும் மறையலாகாது. மிதிவண்டித் தாங்கி இரண்டையும் மறைக்கும் என்பதால், அதன்மேல் தனியே விளக்கும் எண் பலகையும் பொருத்திக்கொள்வது நலம். சரக்கு வண்டிகளில் பாரம் ஒரு மீட்டர் வரை பின்னால் நீட்டிக்கொண்டிருக்கலாம் என்று முன்பிருந்த சலுகையை 2014இல் நீக்கிவிட்டார்கள். இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த லாரிகளில் மோதி மாண்டவர்கள் பலர். 2019இல் வந்த மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, அளவுக்கு மீறிப் பக்கவாட்டிலோ முன்னோ பின்னோ உயரத்திலோ பாரம் நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். பாரத்தை இறக்கும் கூலியும் நம்மைச் சேரும். கீரைக்காரத் தாத்தா எங்களிடம் வசூலித்தது அதைவிடக் குறைவு என்று சொல்வதற்கில்லை.

ஓடத்தை ஏற்றுவதற்கு இத்தனை ஆராய்ச்சியா என்று கேட்டபோது, சிஸ்டர் எங்களுக்கு 2018ஆம் ஆண்டுச் செய்தித்தாள் படங்களைக் காட்டினார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது நினைவிருக்கலாம். பம்பையாறும் பெரியாறும் கரை கடந்தன. செங்கன்னூர், ஆறன்முளை, பறவூர் ஆகிய ஊர்களில் மக்கள் மொட்டைமாடிகளில் நின்று கதறினார்கள். அவர்களை மீட்கப் படகு வேண்டும். படகோ கடற்கரையில் இருக்கிறது. அப்போது கொல்லம், திருவனந்தபுரம் முதலிய கடலோர ஊர்களின் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் புறப்பட்டார்கள். கடற்கரைத் திருக்கோயில்களிலிருந்தும் அழைப்பு போயிற்று. மொத்தம் 669 படகுகள், 4,537 மீனவர்கள். அவர்கள் காப்பாற்றிய உயிர்கள் 65,000 என்று கணக்கிடப்பட்டது. கேரளத்தின் சொந்தப் படை என்று முதலமைச்சர் பினராயி விஜயன் அவர்களைப் பாராட்டினார்.

அந்தப் படங்களைச் சிஸ்டர் எங்களிடம் கொடுத்தது புகழ்வதற்கு மட்டுமன்று, உற்றுப் பார்ப்பதற்கு. லாரியின் தளத்தைவிடப் படகு நீளம். ஆகவே படகின் மூக்கு ஓட்டுநர் அறைக்கு மேலே தூக்கி நிற்கிறது. வால் பின்னால் இறங்குகிறது. படகின் கனமான நடுப்பகுதி சக்கரங்களுக்கு இடையில் விழுகிறது. எங்கள் நெம்புகோல் கணக்கைப் பாடப்புத்தகம் இல்லாமலே செய்திருக்கிறார்கள்! வலையும் நங்கூரமும் கட்டியே பழகிய கைகளுக்கு முடிச்சைப் பற்றி எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் படகு 4 மீட்டர், பகல் வெளிச்சம், நல்ல சாலை. இருந்தும் அருப்புக்கோட்டையைத் தாண்ட முடியவில்லை. அவர்கள் நள்ளிரவில், மழையில், வெள்ளம் அரித்த சாலைகளில் கொண்டுசேர்த்தார்கள். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் நம் பக்கத்து மாவட்டமான தூத்துக்குடியில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோதும் மீனவர் படகுகள் ஊருக்குள் வந்து மக்களை மீட்டன. ஓடம் வண்டியில் ஏறுவது பழமொழிக்காக மட்டும் அன்று என்று அப்போது உணர்ந்தோம்.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மறைக்கலாமா என்று எங்களுக்குள் விவாதித்துப் பிறகு எழுதுகிறோம். கயாக்கைக் கட்டி முடித்த லாரி ஓட்டுநர், பட்டைகள் வைக்க இடம் தேடி வேனுக்குள் எட்டிப் பார்த்தார். படுக்கைக்கு அடியில் சமையல் எரிவாயு உருளை. அதை ஒட்டி, முந்தின நாள் சிவகாசியில் வாங்கிய பட்டாசுப் பெட்டி. மாமாவின் பிள்ளைகளுக்காக வாங்கியது. ஓட்டுநரின் முகம் மாறிவிட்டது. "மேல இருக்கிறது விழுந்தா ஒருத்தருக்கு அடி, அண்ணாச்சி. இது போச்சுன்னா யாரு மிஞ்சுவா?" என்றார். தீப்பெட்டி ஏற்றிச் செல்பவர் அவர். எதை எதோடு ஏற்றக்கூடாது என்பது அவருக்கு மனப்பாடம்.

நம் மாவட்டத்துப் பிள்ளைகள் நாம். எந்தக் கிராமத்தில் வெடிவிபத்து என்றாலும், அந்த ஊர்ப் பிள்ளை யாராவது நம் வகுப்பில் உண்டா என்று முதலில் தேடுகிறவர்கள். பட்டாசு ஏற்றும் வண்டியில் தீப்பற்றக்கூடிய வேறு பொருளை உடன் ஏற்றலாகாது என்பது வெடிபொருள் விதி. இரயிலில் பட்டாசு கொண்டுபோவது 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டப்படி 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். இதெல்லாம் தெரிந்த நாமே, சொந்தக்காரர் வண்டி என்றதும் மறந்துபோனோம். 2023 ஆகஸ்டு 26 அன்று விடியற்காலை, மதுரை இரயில் நிலையத்தருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பற்றி, இலக்னோவிலிருந்து வந்த பயணிகள் 9 பேர் மாண்டனர். பெட்டிக்குள் விதியை மீறிக் கொண்டுவந்திருந்த எரிவாயு உருளையே காரணம். உறங்கும் இடமும் அடுப்பும் ஒன்றாக ஓடும் வண்டி எதுவானாலும் கதை இதுதான். பட்டாசு அதில் சேர்ந்தால் சொல்ல வேண்டியதே இல்லை.

பட்டாசுப் பெட்டியை அருப்புக்கோட்டையில் ஒரு பெரியம்மா வீட்டில் இறக்கி வைத்தோம். உருளையின் வாயை மூடி, அடுப்பிலிருந்து கழற்றி, நிமிர்த்தி நிறுத்திப் பட்டையால் கட்டினோம். பத்துக் கிலோமீட்டர் போனதும் இறங்கிக் கயிறுகளைத் தொட்டுப் பார்த்தோம்; முதல் குலுக்கல்களில்தான் முடிச்சு அமரும், அப்போது ஒருமுறை இறுக்க வேண்டும் என்று கிளீனர் அண்ணன் சொல்லியிருந்தார். சொன்னபடியே ஒன்று தளர்ந்திருந்தது. இராமநாதபுரத்திலும் பார்த்தோம், தேவிபட்டினத்திலும் பார்த்தோம். சாலையோரப் புளியமரக் கிளைகளைக் கண்டால் எங்களில் ஒருத்தி சன்னல் வழியே தலை நீட்டி, "தட்டுமா, தட்டாதா?" என்று கணக்குப் பார்க்க, அத்தை அவளைப் பிடித்து உள்ளே இழுக்க, ஒருவாறு காரங்காடு சேர்ந்தோம்.

அங்கே எங்களுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. வனத்துறையார் நடத்தும் சூழல் சுற்றுலா மையத்தில் கயாக்குகள் வரிசையாக நின்றன! கட்டணம் செலுத்தினால், உள்ளூரார் துணையோடு, மிதவை அங்கியும் தந்து அலையாத்திக் காட்டுக்குள் அழைத்துப் போகிறார்கள். மாமா தம் கூரையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். நாங்கள் சிரிக்கவில்லை என்று சொன்னால் பாவம் வந்து சேரும். மிதிவண்டிகள் மட்டும் பயன்பட்டன; ஆலயத்துக்கும் கடற்கரைக்கும் அவற்றில்தான் போய்வந்தோம்.

கயாக்கு இறங்காமலே ஊர் திரும்பியது. திரும்பும் வழியில் அருப்புக்கோட்டை தாண்டி, அதே வேகத்தடைக்கு முன் மாமா வண்டியை நிறுத்தினார். இறங்கி நான்கு முடிச்சுகளையும் அழுத்திப் பார்த்துவிட்டு ஏறினார். இப்போது அவருடைய வேனின் முன்கண்ணாடிக்கு உட்புறம், ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. எங்களுள் ஒருத்தியின் கையெழுத்து அது: "படகோடு உயரம் 3.2 மீட்டர். படகு இல்லாமல் 2.6. மிதிவண்டியோடு நீளம் 6.3."